தேதி எழுதிய கடன்

திருமலையில் நிற்கும் பெருமாளுக்குத் தெலுங்கில் 'வட்டிக்காசுலவாடு' என்றொரு பெயர் உண்டு. வட்டிக்காசுக்கு உரியவர் என்று பொருள் சொல்லலாம். பத்மாவதித் தாயாரைக் கைப்பிடிக்கக் கையில் பணமில்லை. குபேரனிடம் கடன் வாங்கினார். பிரம்மாவும் சிவனும் ஓர் அரசமரமும் சாட்சி. அசல் ஒரு கோடியே 14 லட்சம் இராமமுத்திரைப் பொன் என்று சிலர் சொல்வார்கள், 14 லட்சம்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். தொகையில்தான் வேறுபாடு. தவணையில் எல்லோரும் ஒரே பேச்சு: வட்டி ஆண்டுதோறும், அசல் கலியுகம் முடியும்போது. கீழ்த்திருப்பதிக் கோவிந்தராஜர் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பது இந்த வட்டிப் பணத்தை அளந்து களைத்ததால்தான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

கணக்கு படித்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டால் ஒன்றைக் கவனிப்பார்கள். ஒரே கடன் இங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இந்த ஆண்டுக்குள் தர வேண்டிய வட்டி ஒரு பக்கம். எப்போதோ தர வேண்டிய அசல் மறுபக்கம். பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியதை நடப்புப் பொறுப்பு என்றும், அதற்கப்பால் உள்ளதை நீண்டகாலப் பொறுப்பு என்றும் இருப்புநிலைக் குறிப்பில் தனித்தனியே காட்டச் சொல்கிறது இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. நம் தாத்தாக்கள் ஐந்தொகை என்று அழைத்த அதே ஏடுதான். கடன் எவ்வளவு என்பது முதல் கேள்வி. என்றைக்கு என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வைத்தவர்கள்தான் பெரும்பாலும் நொடித்துப் போகிறார்கள் என்பது என் எண்ணம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலமும் கோயிலும் இதற்கு நல்ல சான்று தருகின்றன.

முதலில் கல்லைப் பார்ப்போம். திருமலை, திருப்பதிக் கோயில் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. கல்வெட்டு அறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோரின் உழைப்பில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அவற்றை 1930களில் தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றில் ஒரு பெரும்பகுதி, குறிப்பாக விஜயநகர காலத்தவை, இன்றைய கண்ணால் பார்த்தால் கடன் பத்திரங்கள். ஒருவர் இத்தனை நற்பணம் ஸ்ரீபண்டாரத்தில் கட்டுகிறார். அரசனாக இருக்கலாம், வணிகராக, ஆசாரியராக, கோயிலில் ஆடிய எம்பெருமானடியாராகவும் இருக்கலாம். கோயில் நிர்வாகிகளான தானத்தார் அதைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக நாள்தோறுமோ குறிப்பிட்ட திருநாள்களிலோ இன்ன அமுதுபடி படைப்போம் என்று உடன்படுகிறார்கள். அரிசி இத்தனை மரக்கால், பயறு இத்தனை நாழி, நெய் இத்தனை உழக்கு, தயிர், சர்க்கரை, அடைக்காய், வெற்றிலை வரை அளவு சொல்லப்படுகிறது. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு பணம் தந்தவருக்கும் அவர் வழியினருக்கும். அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். சந்திர சூரியர் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்று முடியும்.

பணம் இன்று கைக்கு வந்துவிட்டது, சேவை இனிமேல்தான். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடத்தில் 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்று படித்திருப்பீர்கள். பெயரில் வருமானம் என்று இருந்தாலும் அது பொறுப்புப் பக்கத்தில்தான் உட்காரும். சேவை செய்து முடிக்கும்வரை அந்தப் பணம் நம்முடையதல்ல. தானத்தார் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். வாங்கிய பணத்தை அப்படியே செலவழிக்கவில்லை. கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போட்டார்கள். அதனால் கூடிய விளைச்சல்தான் படையலுக்கு முதல். திருப்பதிக் கல்வெட்டுகளை வைத்து அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரை இந்தப் பாசன முதலீட்டைத்தான் மையமாக எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு கடனுக்கும் எதிரே அது எந்த நிலத்திலிருந்து, எந்த ஏரித் தண்ணீரிலிருந்து தீரும் என்று அந்தச் சாசனங்கள் ஊர்ப் பெயர் சொல்லி எழுதுகின்றன. எப்போது என்பதோடு எதிலிருந்து என்பதும் சேர்ந்தே வருகிறது. இன்று ஒரு வங்கி மேலாளர் நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்து விகிதம் பார்க்கும்போது தேடுவதும் இதைத்தான்.

அந்தச் சாசனங்களின் கடைசி வரியில் வழக்கமாக ஒரு கையெழுத்து வரும். 'கோயில் கணக்கு திருநின்ற ஊருடையான் எழுத்து.' அரசன் பெயரையும் தேவியர் பெயரையும் தேடிப் போகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ இவர்மேல் தனி மதிப்பு. தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரில் கணக்கர்கள் இருந்திருக்கிறார்கள். கோயில் ஏற்ற ஒவ்வொரு பொறுப்புக்கும் அவர்கள் தங்கள் எழுத்தைக் கல்லிலேயே சாட்சியாக வைத்திருக்கிறார்கள். அழிக்கவோ திருத்தவோ முடியாத பேரேடு அது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே இந்தப் பழக்கம் ஊறியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தில் கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்னும் வட்டி கட்டின. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அங்கே கோயில் கடன் கொடுத்தது. திருமலையில் கோயில் சேவைக் கடன் பட்டது. இரண்டிலும் தவணை எழுத்தில் இருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். சேலத்தைச் சேர்ந்த பக்தர் ஒருவர் 2006இல் 12,250 ரூபாய் கட்டி மேல்சாத்து வஸ்திர சேவைக்குப் பதிவு செய்தார். அவருக்குக் கிடைத்த நாள் 2020 ஜூலை 10, வெள்ளிக்கிழமை. பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவரும் காத்திருந்தார். 2020 மார்ச் 20இல் கொரோனாவால் திருமலையில் தரிசனம் நின்றது. ஜூனில் மீண்டும் திறந்தபோதும் சேவைகள் பக்தர்கள் இல்லாமல் ஏகாந்தமாகவே நடந்தன. பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்கு வாருங்கள் என்றது தேவஸ்தானம். அவர் இரண்டையும் ஏற்கவில்லை. சேலம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். ஓராண்டுக்குள் அதே சேவைக்கு வேறு நாள் தர வேண்டும், இல்லையேல் பெருந்தொகை இழப்பீடு தர வேண்டும் என்று 2022இல் தீர்ப்பு வந்தது.

இந்த வழக்கு எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம், ஒரு பொறுப்பு வயதாவதை அது அப்படியே காட்டுகிறது. 2006இல் வாங்கிய 12,250 ரூபாய் நீண்டகாலப் பொறுப்பு. பதிமூன்று ஆண்டுகள் அது ஓர் ஓரமாகக் கிடக்கலாம். 2020 மார்ச் 31இல் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அந்தச் சேவைக்கு இன்னும் நாலு மாதம்கூட இல்லை. கணக்கு முறைப்படி அந்த நாளில் அது நடப்புப் பொறுப்புக்கு மாறிவிட வேண்டும். தொகையில் ஒரு பைசா மாற்றமில்லை. மாறியது காலம் மட்டும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கடன் பணக்கடன் அல்ல, சேவைக்கடன். கட்டிய தொகையைத் திருப்பித் தருவதால் அது தீர்ந்துவிடாது என்று அந்த பக்தர் நினைத்தார். நீதிமன்றமும் அப்படியே பார்த்தது. பதினாறாம் நூற்றாண்டில் விட்டவன் விழுக்காட்டுக்கு உரியவர் ஒருவரிடம், "படையல் இல்லை, உன் நற்பணத்தை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லியிருந்தால் அவரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

முந்நூறு ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டும் இதே இனம்தான். ஏறத்தாழ மூன்று மாதம் முன்பாகவே இணையத்தில் சீட்டு விற்பனை. மார்ச் 31 இரவில் ஏப்ரல், மே, ஜூன் மாதத் தரிசனங்களுக்குக் கட்டிய பணம் முழுவதும் கையில் இருக்கும். தரிசனம் இன்னும் நடந்திருக்காது. தங்கும் அறைக்குக் கட்டும் முன்வைப்புத் தொகையும் அப்படியே. அறையைக் காலி செய்தால் திருப்பித் தர வேண்டிய பணம் அது. தேவஸ்தானத்தின் 2025-26 வரவு செலவுத் திட்டம் 5,258.68 கோடி ரூபாய். அதில் உண்டியல் காணிக்கை 1,729 கோடி, வைப்புகளுக்கு வரும் வட்டி 1,310 கோடி என மதிப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய அமைப்பில் முன்பணத்தையும் வருவாயையும் கலந்துவிட்டால் யாரும் உடனே கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே அவற்றைப் பிரித்து எழுதும் ஒழுங்கு அங்கே இன்னும் கூடுதலாக வேண்டும்.

உண்டியல் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கில் ஹுண்டி என்பது வணிகர்களின் மாற்றுச்சீட்டு. பார்த்தவுடன் பணம் தர வேண்டியது தர்சனி ஹுண்டி. தவணை கழித்துத் தர வேண்டியது முத்ததி ஹுண்டி. நகரத்தார் நாட்டிலும் அண்மைக்காலம் வரை உண்டியல் என்றால் அந்தச் சீட்டுதான். அதே சொல் காணிக்கைப் பெட்டிக்கும் வழங்குகிறது. கணக்கில் இரண்டும் எதிரெதிர். சீட்டு எழுதியவர் கடனாளி. பெட்டியில் போட்டவர் யாருக்கும் கடன் வைக்கவில்லை. பெட்டிக்கு உரியவரும் அவருக்கு எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காசு பெட்டிக்கு வரும் முன்பு ஒரு வீட்டில் பொறுப்பாக இருந்திருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறாளே அம்மா, அதைத் தமிழ் நேர்த்திக்கடன் என்று பெயரிட்டுச் சொல்கிறது. வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டாள். தர வேண்டியதைத் தனியே எடுத்து வைப்பது என்ற கணக்குப் பாடத்தை நம் வீடுகள் அந்த முடிச்சில்தான் கற்றன.

வாங்கியவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர் என்று ஆனதும் இதே மலையில்தான். 1750களில் ஆற்காடு நவாப் முகமது அலி, போர்ச் செலவுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பட்ட கடனுக்குத் திருப்பதிக் கோயில் வருவாயை ஒதுக்கிக் கொடுத்தார். பக்தர்கள் கொடுத்த காணிக்கை நவாபின் கடனுக்குப் போனது.

இனி புரோநோட்டு. சித்தூர் பக்கத்தில் வெல்ல மண்டியிலோ மாங்காய் வியாபாரத்திலோ இருக்கும் எவரிடமும் கேளுங்கள், நோட்டு எழுதாதவர் அரிது. ஒரு தாள், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு, ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்து. தாங்கள் கேட்கும்போது தங்களுக்கேனும் தங்கள் உத்தரவு பெற்றவருக்கேனும் அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்துகிறேன் என்ற வாசகம். வட்டியை 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்பார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை.

கேட்கும்போது என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். கேட்டால் நாளைக்கே தர வேண்டிய கடன் எந்த ஐந்தொகையிலும் நடப்புப் பொறுப்புதான். ஆனால் எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் அது மூன்று ஆண்டு ஓடும் என்று தெரியும். எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டில் நோட்டு காலாவதி. அதற்குள் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்புறம் கடனாளியே கைப்பட வரவு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து இன்னும் மூன்று ஆண்டு உயிர். அல்லது நோட்டையே மாற்றி எழுதுவார்கள். குறுகிய காலக் கடன் என்று தொடங்கியது இப்படிப் பத்து ஆண்டு ஓடுவதைக் கிராமங்களில் சாதாரணமாகக் காணலாம். கடன் கொடுத்தவர் கேட்காத வரை தூங்கலாம் என்ற நினைப்பு. ஒரு நாள் கேட்டுவிடுவார்.

தவணை எழுதிய நோட்டு தெளிவானது. பிப்ரவரி 1ஆம் தேதி இரண்டு லட்சத்துக்கு 90 நாள் நோட்டு, ஆண்டு வட்டி 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் முடிவது மே 2. சட்டம் தரும் மூன்று நாள் சலுகையோடு மே 5. இடையில் மார்ச் 31 வந்துவிடுகிறது. அன்றைக்கு 58 நாள் வட்டி ஏறியிருக்கும்: 3,814 ரூபாய். கையைவிட்டு ஒரு காசும் போகவில்லை, கேட்டு யாரும் வரவில்லை. ஆனாலும் இரண்டு லட்சத்தோடு இந்த 3,814 ரூபாயையும் கொடுபட வேண்டிய வட்டி என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஆண்டு லாபம் அவ்வளவுக்குப் பொய்.

இன்னொரு வழக்கம், வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கொடுப்பது. இரண்டு லட்சத்துக்கு நோட்டு, கையில் வருவது 1,94,000. ஆறாயிரமும் முதல் நாளே செலவாகிவிட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அன்றைக்கு அவர் பட்ட கடன் 1,94,000தான். 90 நாளில் அது மெல்ல வளர்ந்து இரண்டு லட்சமாகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று வாயால் சொன்ன வட்டி, உண்மையில் கையில் வந்த பணத்துக்குப் பன்னிரண்டரை. பழைய பொலிசைக் கணக்கர்களைப்போலப் பின்னத்தில் சரியாகக் கணக்குப் போட்டால் இது புலப்படும்.

சிறு வியாபாரி தன் கடனைத் தேதியோடு எழுதாவிட்டால் இழப்பு அவருக்கு. பெரிய ஆலை எழுதாவிட்டால் இழப்பு விவசாயிக்கு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு வந்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. ஆணை தெளிவாகவே இருக்கிறது. சித்தூர்க் கூட்டுறவு சர்க்கரை ஆலையும், ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியத்தில் இருந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா கூட்டுறவு சர்க்கரை ஆலையும் பாக்கிச் சுமையோடு அரைவையை நிறுத்தின. சித்தூர்க் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது. 2023 ஜூலையில் அதை அமுல் மூலம் மீட்டெடுக்க அடிக்கல் நாட்டியபோது, பழைய பாக்கி 182 கோடி ரூபாயைத் தீர்த்ததாக மாநில அரசு சொன்னது. மூடிய நாளில் பால் ஊற்றியவருக்கும் வேலை செய்தவருக்கும் தர வேண்டியது நடப்புப் பொறுப்பு என்றுதான் ஏட்டில் இருந்திருக்கும். தீர இருபது ஆண்டு ஆனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பால் காசில் அரிசி வாங்கும் வீட்டுக்கு இருபது ஆண்டு என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

கம்பெனிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் ஒரு நல்ல விதி வந்திருக்கிறது. சரக்குக்குத் தர வேண்டிய பாக்கியை ஓராண்டுக்கு உட்பட்டது, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று வயது வாரியாகக் காட்ட வேண்டும். சிறுதொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாள் கெடு வைத்தது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. 2023 நிதிச் சட்டம் ஒருபடி மேலே போய், கெடுவுக்குள் தராத பாக்கியை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டுவரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாமல் செய்தது. பணம் தரச் சொல்லிக் கெஞ்சுவதைவிட வரிக் கணக்கில் கை வைத்தது வேலை செய்யும் என்று நம்புகிறேன். ஆனால் இந்தப் பாதுகாப்பு பதிவு பெற்ற சிறுதொழிலுக்கு. மரத்தில் காய்த்த மாங்காயைப் பறித்து ஆலைக்குக் கொண்டுபோகும் விவசாயி அதற்குள் வரமாட்டார்.

சித்தூர் மாவட்டம் தோத்தாபுரி மாம்பழத்துக்கும் அதன் கூழுக்கும் பெயர் போனது. நம் பக்கத்தில் கிளிமூக்கு மாங்காய் என்போம். 2025 பருவத்தில் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும், அதில் கூழ் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தரும் என்று மாநில அரசு அறிவித்தது. ஒரே மாங்காய்க்கு இரண்டு கடனாளிகள். பழம் எடைபோட்ட கணத்திலேயே ஆலை ஏட்டில் எட்டு ரூபாயும் அரசு ஏட்டில் நாலு ரூபாயும் பொறுப்பாகிவிடுகின்றன. ஆலைகள் சொன்ன விலையைச் சொன்ன காலத்தில் தரவில்லை என்பது விவசாயிகளின் குறை. அவர்கள் அதற்காகத் தெருவுக்கும் வந்தார்கள்.

ஆலை வாசலில் வண்டி எடைபோட்டதும் கையில் தரும் சீட்டில் வண்டி எண் இருக்கும், மொத்த எடை, காலி வண்டி எடை, கழிவு போக நிகர எடை எல்லாம் இருக்கும். பணம் தரும் தேதிக்கு அதில் பெரும்பாலும் கட்டமே இருப்பதில்லை. விலைக்கு ஆணை போட முடிந்த அரசு, இதற்கும் ஓர் ஆணை போடலாம். கரும்புக்கு இருப்பதைப்போல மாங்காய்க்கும் ஒரு கெடு நாள் வேண்டும், அந்த நாள் எடைச்சீட்டிலேயே அச்சிட்டிருக்க வேண்டும், தவறினால் வட்டி எவ்வளவு என்பதும் கீழே இருக்க வேண்டும். அடுத்த மே மாதம் காய் பறிக்கத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள்.